அசாம் டீச்சர் என்னைப் பற்றி எழுதிய பக்கம்

மகளே,

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். உன் புத்தகத்தை வாசிக்கப்போகிறவர்களுக்கும் அது தெரிந்துபோனால் எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முந்தாநாள் நீ கண்டியிலிருந்து போன் எடுத்து, "அப்பா, அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துரலாமான்னு யோசிக்கிறேன், நீங்க மனசு சங்கடப்படுவீங்களா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனில் பேசினால் கோபம்தான் முந்தி வரும், சொல்ல வேண்டியது பின்னால் நின்றுவிடும். அதனால்தான் ஆற அமர உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். நீ இதை ஒளித்துவைத்து வாசிக்க வேண்டாம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் காட்டு, அவருடைய பெரியப்பாவுக்குக் காட்டு, உன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் கேட்டால் அவர்களுக்கும் கொடு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை எடுக்காதே. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா பிலிமத்தலாவையிலிருந்து வேன் பிடித்து வந்தார். ஒரு டின் பிஸ்கட், திராட்சைப்பழம், அம்மாவுக்கு ஒரு சேலை. நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டோம், உட்கார்ந்தார். கையில் உன் புத்தகத்தின் அச்சடித்த தாள்களை வைத்திருந்தார். நீயே வாசிக்கக் கொடுத்தாயாம். அசாமில் உனக்குப் படிப்பித்த டீச்சரின் வாழ்க்கையையும் அவர் எழுதியதையும் தமிழில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரே எனக்கு விளக்கினார். நம்ம குடும்பத்துக்குள்ளே ஒரு எழுத்தாளர் வரப்போகிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய் பழப் பையோடு ஒவ்வொரு புத்தகமும் கொடுப்பதாகத் திட்டம். கேட்கக் கேட்க எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் குரலை இறக்கினார்.

"அண்ணே, வித்தியாசமா நெனைக்காதீங்க. அந்தம்மா படிச்சது, படிப்பிச்சது, கதை எழுதினது எல்லாம் இருக்கட்டும். உங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த கதை எதுக்கு? நீங்க தப்பு அடிச்ச கதை எதுக்கு? எங்க பக்கத்து ஆளுங்க வாசிப்பாங்க. பொண்ணோட அப்பா ரிட்டயர்டுன்னு கார்டுல போட்டுக்கலாம். அதுவே மரியாதையா இருக்கும்."

"எதுலேர்ந்து ரிட்டயர்டுன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த ஆளிடம் அதற்கு மேல் பேசுவது முறையில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவர் என் வீட்டில் இல்லை, சொல்லலாம்.

அவருடைய தாத்தாவை எனக்குத் தெரியும். இங்கிருந்து பார்த்தால் தெரியும் அடுத்த மலையில் அவர் கங்காணி. கடையும் வேனும் பிலிமத்தலாவையும் அதற்குப் பிறகு வந்தவை. அந்தத் தாத்தா செத்தபோது பாடைக்கு முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போனது என் அப்பா, கூடவே அடித்தவன் நான். மழை ஊற்றுகிறது, தோல் நனைந்து சத்தம் எழும்பவில்லை. வழியில் நிறுத்தி நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்தோம். மாரியம்மன் கோயில் மேட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் கை ஓயவில்லை. காரியம் முடிந்து திரும்பியபோது அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் டம்ளரில் தேத்தண்ணி குடித்தார்கள். எங்களுக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். அதுவும் வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து. பெரியப்பா அப்போது கால்சட்டைப் பையன், அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு அந்தச் சிரட்டையின் ஓரத்தில் இருந்த நாரும் ஞாபகம் இருக்கிறது. உன் புத்தகத்தில் தப்பு என்ற வாத்தியத்தின் பேர் வந்தால் நாம் என்ன சாதி என்று அவருடைய ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அவருடைய பயம் அதுதான். லயம், கார்டு, மரியாதை எல்லாம் அதன்மேல் போர்த்திய துணி. அவர் தாத்தாவைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போன சத்தம் அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவர்கள் மருமகளாக நீ அந்த வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் அது வேண்டாமாம்.

இந்த இடத்தில் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். சம்பந்தி ஆகப்போகிறவர்களைப் பற்றி இப்படி எழுதினால் எந்த முகத்தோடு அவர்கள் வாசலை மிதிப்பது என்று கேட்கிறாள். அவள் சொன்னதையும் அப்படியே எழுது என்றேன், அப்போதுதான் பேனாவை எடுத்தாள். "ஒரு பக்கந்தானே. செத்துப்போன டீச்சர் மேல இருந்து பார்த்துக் கோச்சுக்கப் போறாங்களா? அவங்க மன்னிச்சிருவாங்க. என் புள்ளைக்கு இந்த வயசுல இன்னொரு வரன் யாரு கொண்டாருவா?" இது உன் அம்மாவின் கட்சி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவள் கொழுந்துக்கூடையோடு எந்த மலையெல்லாம் ஏறினாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நீ கரை சேர வேண்டும். எனக்கும் அதுதான் ஆசை. எந்தக் கரை என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வழக்கு.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். நீ அறியாதது ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனால் நீ சொல்லிக் கேட்டது என் மனதில் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஸ்கொலர்ஷிப் கிடைத்து நீ அசாமுக்குப் போன புதிதில் ஒரு நாள் போன் எடுத்து, "அப்பா, இங்க தேயிலை சமதரையில நிக்குது" என்றாய். நான் நம்பவில்லை. மலை இல்லாமல் தேயிலையா, தண்ணி எப்படி வடியும் என்று இங்கே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தச் சமதரைத் தோட்டங்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர் முதல் முதலாகப் படிப்பித்தாராம். எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்ததுபோல அங்கே ரயிலில் ஏற்றி எங்கெங்கோ இருந்து கொண்டுவந்தார்களாம். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் அசாம் பாஷை. அதனால் வாய் திறக்க மாட்டார்களாம். மற்ற டீச்சர்மார் மக்கு என்று பின்வரிசையில் உட்கார வைத்தார்களாம். இவர், வீட்டிலிருந்து ஆளுக்கொரு சொல் கொண்டுவா என்று சொல்லி, அதைக் கரும்பலகையில் எழுதி, அதற்குப் பக்கத்தில் தன் பாஷையில் அதே சொல்லை எழுதுவாராம். பிள்ளைகள் டீச்சருக்குப் படிப்பித்தார்கள் என்று நீ சொல்லிச் சிரித்தாய். அவருடைய பிறந்த ஊரை ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டதாம். வீட்டைப் பிரித்து மூங்கிலையும் தகரத்தையும் சுமந்துபோய் உள்ளே தள்ளிக் கட்டுவார்களாம், ஆறு மறுபடியும் வருமாம். அப்படி வளர்ந்தவர் பிறகு பெரிய கல்லூரியில் படிப்பித்து, பேர் வாங்கி, கதை மேல் கதையாக எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் எழுதினால் உலகமே வாசிக்குமே என்று கேட்டவர்களிடம், என் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வாசித்துக் காட்ட ஆள் தேடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்தானே.

பேராதனையில் ஏதோ கூட்டம் என்று அவர் வந்த வருடம் உனக்கு மறக்காது. நீ அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தாய். கண்டியில் நல்ல ஹோட்டலில் அறை கொடுத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டுத் தெல்தோட்டை பஸ்ஸில் உன்னோடு நெரிந்துகொண்டு வந்து, மேட்டில் மூச்சு வாங்க நடந்து, நம் லயத்து வாசலில் குந்திவிட்டார். கட்டையான உருவம், நரைத்த தலை, வாய் நிறையப் பாக்கு. மடியிலிருந்து பாக்கை எடுத்து உன் அம்மாவுக்கும் கொடுத்தார். வெற்றிலை போட்டே வளர்ந்த உன் அம்மா, அந்த ஊர்ப் பச்சைப் பாக்கைப் போட்டதும் வியர்த்துக் கொட்டித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன. ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டார். கண்ணில் தண்ணி வந்தது, ஆனால் இன்னொரு கரண்டி சம்பல் கேட்டார். பிறகு சுவரில் தொங்கிய தப்பைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். தங்கள் தோட்டத்து ஆட்களும் கழுத்தில் மாட்டி இரண்டு பக்கமும் அடிக்கிற ஒரு வாத்தியம் வைத்திருக்கிறார்கள், இதை அடித்துக் காட்ட முடியுமா என்றார்.

எதை அடிப்பது? எனக்கு அது பெரிய யோசனையாகிவிட்டது. சாவு அடி அடிக்க முடியாது, வீட்டில் விருந்தாளி இருக்கிறார். காமன் கூத்து அடியை, மாசி மாதம் வந்து காமன் கம்பம் நடாமல் தொடக்கூடாது. கல்யாண அடிக்கு வீட்டில் கல்யாணம் இல்லை. மிஞ்சியது வேலை முடிகிற அடி ஒன்றுதான். சங்கு ஊதுகிற காலம் வருமுன்னால், கொழுந்து நிறுக்க மலையிலிருந்து இறங்கி வாங்க என்று எங்கள் அப்பா நாள்தோறும் அடித்த அடி. அதில் தோஷம் ஒன்றும் இல்லை என்று நினைத்து, அம்மாவை நெருப்பு மூட்டச் சொல்லித் தோலைக் காய்ச்சி, வாசலில் நின்று அடித்தேன். கொஞ்ச நாள் தொடாமல் இருந்த கை. சூடு பிடித்ததும் நிறுத்த மனம் வரவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடித்து முடித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் கூடையோடு வரிசையாக இறங்கி வருகிறார்கள். மத்தியானம் சரியாகத் திரும்பக்கூட இல்லை. முதலில் இறங்கியது பழைய ஆட்கள். அவர்களைப் பார்த்து இளசுகளும் இறங்கிவிட்டன. பின்னாலேயே கணக்குப்பிள்ளை குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருடா அடிச்சது? வேலை நேரத்துல மலையையே எறக்கிட்டியா?"

"நான்தாங்க ஐயா. விருந்தாளி கேட்டாங்க, அடிச்சேன்."

மூத்த பொம்பளை ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கள என்னா பண்ணச் சொல்றீங்க? காது கேட்டுச்சு, காலு எறங்கிருச்சு. எறங்குன கால நீங்க வேணும்னா திட்டுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதனால்தான் இன்னும் கோபப்பட்டார். டீச்சர் எழுந்துபோய் அவருக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கேட்டது நான், பிழை என்னுடையது என்று சொன்னதாக நீ எனக்குச் சொன்னாய். கணக்குப்பிள்ளை நாளைக் காலையில் தொரையிடம் வந்து மன்னிப்புக் கேள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? என் வாசலில் நின்று என் வாத்தியத்தை அடித்தேன். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று அடித்த காலம் என் அப்பாவோடு போயிற்று.

ஆட்கள் திரும்ப மலையேறிய பிறகு, உனக்கு இதனால் கஷ்டம் வருமா என்று டீச்சர் கேட்டார். வந்தால் வரட்டும் என்றேன். அப்போதுதான் அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். நீதான் நடுவில் இருந்து தமிழில் சொன்னாய், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி விளங்கியது. அவர்கள் வீட்டில் வேலை செய்த தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு தட்டு. மற்றத் தட்டுகளோடு சேர்க்காமல் வெளியே கூரைக்குக் கீழே செருகி வைத்திருப்பார்களாம். வளர்ந்த பிறகு அந்தத் தட்டை வைத்து ஒரு கதை எழுதினார். யார் வீடு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. புத்தகமாக வரும்போது அந்தக் கதையை எடுத்துவிடு, என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அண்ணன் வந்து நின்றார். இவர் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுடைய பிஹுப் பண்டிகைக்கு அண்ணன் வீட்டில் இவரைக் கூப்பிடுவதே இல்லை.

"அப்புறம் என்னா பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"என் வீட்டில் பிஹு கொண்டாடினேன்" என்றார்.

வருத்தம் இல்லையா என்று கேட்டேன். நீ அதைத் திருப்பிச் சொல்ல மறுத்தாய், டீச்சரிடம் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்றாய். நான் விடவில்லை. அவர் பாக்கை வாயில் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "இருக்கிறது. வருத்தப்படுவது வேறு, எடுத்துவிடுவது வேறு" என்றார். புறப்படும்போது பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். ஓரத்தில் சிவப்பில் பூ நெய்திருந்தது. கமோசா என்றாய், அங்கே பெரியவர்களுக்கு மரியாதைக்குப் போடுவதாம். இரண்டு கையாலும் என் கழுத்தில் போட்டார். இந்தத் தோட்டத்தில் எத்தனை திருவிழாவுக்கு நான் அடித்திருக்கிறேன், எத்தனை தலைவர்மாருக்குப் பொன்னாடை போர்த்தும்போது ஓரமாக நின்று அடித்திருக்கிறேன். என் கழுத்துக்கு ஒரு துணி வந்தது அன்றைக்குத்தான்.

ஊருக்குப் போய் அவர் எழுதியதை நீ தமிழாக்கி எனக்கு வாசித்துக் காட்டினாய். "மலையை இறங்கி வரச் சொல்லத் தெரிந்த ஒருவரை இலங்கையில் பார்த்தேன்" என்று தொடங்கும். என் பேர் இருந்தது, என் அப்பா பேர் இருந்தது, எந்த லயம், எந்தத் தோட்டம் என்று இருந்தது. உன் அம்மாவுக்குத் தலை சுற்றியதும் இருந்தது. எங்கோ ஒரு ஆற்றங்கரையில், அவர்கள் பாஷையில், யாரோ ஒரு டீச்சர் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டியிருப்பார். அங்கே என் பேர் இருக்கலாம். இங்கே, என் சொந்த பாஷையில், என் சொந்த மகள் போடும் புத்தகத்தில் இருக்கக்கூடாதாம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது, நீயே சொல்லு.

மகளே, கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முதலில் எதைக் கேட்கிறார்களோ அதைக் கொடுத்துவிட்டால், அதோடு நிற்காது. இன்றைக்கு ஒரு பக்கம். நாளைக்கு மண்டபத்தில் அப்பா முன்வரிசையில் உட்கார வேண்டாம் என்பார்கள். அடுத்து, அம்மா வருகிறபோது இந்த லயத்துப் பேச்சை விட்டுவிட்டுப் பேசட்டும் என்பார்கள். பிறகு உனக்குப் பிள்ளை பிறக்கும், லீவுக்குத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பார்கள். ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிஸ்கட் டின்னோடுதான் வருவார்கள். நீ மரியாதை தெரிந்த பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் சரி என்பாய். கடைசியில் திரும்பிப் பார்த்தால் உன் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். டீச்சர் மாதிரி முதல் நாளே மாட்டேன் என்றால் ஒரு முறை வலிக்கும். அதைத் தாங்கலாம். அவர் தாங்கினார், அதற்குப் பிறகுதான் அவ்வளவும் எழுதினார். அவர் அந்தத் தட்டை எடுத்திருந்தால் நீ இன்றைக்கு அவர் வாழ்க்கையை எழுத உட்கார்ந்திருப்பாயா? அந்தக் கதையை மூன்றாவது அத்தியாயத்தில் நீட்டி எழுதிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் உன் வீட்டுப் பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பாயானால், புத்தகத்துக்கு முன்னால் அவர் பேரைப் போடாதே.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பிள்ளை. கச்சேரியில் அரசாங்க வேலை செய்கிறவர் என்ற பவிசு இல்லை. முதல் தடவை வந்தபோது கதிரையை விட்டுவிட்டு என்னோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், தண்ணிக் குடத்தைத் தானே போய்த் தூக்கி வந்தார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவரும் வேனில் வந்திருந்தார். பெரியப்பா பேசும்போது வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியவரோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் அவர், அந்த நன்றி இருக்கத்தான் வேண்டும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பக்கம் இருக்கட்டும் பெரியப்பா என்று. அதற்குமேல் அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

எழுதியவர் உயிரோடு இருந்தால், அவரைப் போய்க் கேள் என்று உன்னை அனுப்பியிருப்பேன். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இருக்கிற நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் என்னைத்தான் கேட்டாய். எனக்குச் சம்மதம் இல்லை. அம்மா இதை எழுதிவிட்டு என்னைப் பார்க்கிறாள், இந்த வரியைக் கோடு போட்டு அடிக்கட்டுமா என்று கேட்கிறாள். அடிக்காதே என்றேன், அதையும் எழுதியிருக்கிறாள்.

இதைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தவுடன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, குளத்தங்கரையிலோ எங்கேயோ உட்காரவைத்து, ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டு. சிரட்டைக் கதையையும் சேர்த்து வாசி. அவர் பெரியப்பாவிடம் போய் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வந்தால், எனக்கு மருமகன் மட்டும் இல்லை, மகனும்தான். கார்டில் தப்படிக்கிறவர் மகள் என்றே போடுங்கள், நான் புதுச் சாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். அவரால் சொல்ல முடியாவிட்டால் அவரைத் திட்டாதே, அழாதே. மண்டபக்காரருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடு. பிறகு அச்சகத்துக்குப் போன் எடுத்து, அடிக்கச் சொல்லு.